காயமில்லாத உள்ளங்கைகள்

மாலை ஊர்வலத்தில் புனித ரோக்கின் சிலையைத் தோளில் சுமக்க வேண்டியவர், தாடையில் கிழிசலோடு அவசரப் பிரிவுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெயர் ஷிமே, மீனவர். மனைவி தோன்கா அவரை அழைத்து வரவில்லை, இழுத்து வந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து வெளிக்கி தார் மாதிரி கறுப்பா போகுதாம், டாக்டர். கேட்டா சிரிக்கிறாரு."

"கணவாய் மீனோட கறுப்பு மை ஊத்தி ஆக்கின சோறு தின்னா வெள்ளையாவா போகும்?" என்றார் ஷிமே. "துறைமுகக் கல்லு ஈரம், வழுக்கிட்டேன். தையல் போட்டு விடுங்க."

இளம் மருத்துவன் ரோகோ சிரித்தான். இரைப்பையில் ரத்தம் கசிவதாகச் சந்தேகம் வந்தால் போட்டுப் பார்க்க ஓர் ஆபத்துக் கணக்கு உண்டு. பூஜ்யம் வந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். ரத்த அழுத்தம் சரி. நாடி நிதானம். ஹீமோகுளோபின் குறையவில்லை. விழுந்தது வழுக்கி; மலத்தின் கறுப்போ சோற்றுக் கறுப்பு. ரத்தத்தின் யூரியா அளவு மட்டும் வரவேண்டியது பாக்கி.

"பூஜ்யம்தான், நெவெங்கா. அனுப்பிடலாம்."

அவனோடு படித்த மருத்துவர் நெவெங்கா கட்டிலருகே குனிந்தாள். ஷிமேயின் கைகளைத் திருப்பி, உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சோறு எப்ப ஆக்கினீங்க?"

"இன்னிக்கு மதியம். வருஷத்துல இந்தத் திருநாளுக்கு மட்டுந்தான்." தோன்காவின் பற்கள் இன்னும் கறுப்பாகவே இருந்தன.

"ஐயா, மாத்திரை ஏதாவது?"

"பிரஷருக்கு ஒண்ணு. நாடியை அடக்கி வைக்குமாம். அப்புறம் ஒரு மாசமா முட்டிவலிக்கு."

நெவெங்கா நிமிர்ந்தாள். "உங்களை வீட்டுக்கு விட முடியாது ஐயா."

"ஏன்டி?" என்றான் ரோகோ.

"வழுக்கி விழறவன் கையை ஊனுவான். இவர் உள்ளங்கையில ஒரு கீறல் இருக்கா பாரு. தாடைதான் கல்லுல மோதியிருக்கு. கையை நீட்டக்கூட நினைவில்லாம விழுந்திருக்கார். மயக்கம்டா அது."

ஷிமே தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, கறுப்பு?"

"மதியம் தின்ன சோறு காலையிலேயே வெளிய வருமா?"

தோன்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ரோகோவின் குரல் இறங்கியது. "நாடி நல்லா இருக்கே..."

"மாத்திரை கட்டிப் போட்டிருக்கு. கையைத் தொடு."

தொட்டான். ஆகஸ்ட் வெக்கையிலும் அந்தக் கை ஈரமாய்ச் சில்லிட்டிருந்தது.

"ஹீமோகுளோபின்?"

"ரத்தம் போன உடனே அது குறையாது. மெதுவாத்தான் காட்டிக்கொடுக்கும்."

அப்போதுதான் யூரியா முடிவு வந்தது. இயல்பைவிட இரு மடங்குக்கு மேல். குடலுக்குள் ரத்தம் செரிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

வாய்வழியே இரைப்பைக்குள் இறக்கிய உள்நோக்குக் குழாயின் திரையில் ரோகோ அதைக் கண்டான். முட்டிவலி மாத்திரை அரித்த வெள்ளைப் புண்ணின் நடுவே ஒரு சிறு ரத்தக்குழாய், மூச்சுவிடும் உயிர்போலத் துடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீறிட்டது. நெவெங்கா கவ்வியை வைத்து அழுத்தினாள். திரை மெல்லத் தெளிந்தது.

அதே நேரம் வெளியே மேளம் முழங்கியது. ஊர்வலம் மலைப்படி ஏறத் தொடங்கியிருந்தது. அனுப்பியிருந்தால் இந்நேரம் இவர் அந்தச் சிலைக்கடியில் இருந்திருப்பார். ரோகோ நெவெங்காவைப் பார்த்தான். கத்தியே படாத ஒரு வயிற்றுக்குள் நடந்ததை வெறும் இரண்டு உள்ளங்கைகளில் ஒருத்தி படித்துவிட்டாளே!

மயக்க மருந்து தெளிந்த ஷிமே முனகினார். "என் இடத்துல யாரு தூக்கறா?"

"உங்க தம்பி, அந்தக் குட்டையன்," என்றாள் தோன்கா, கண்ணீரோடு கறுப்புப் பல் தெரிய. "ஜன்னல்ல பார்த்தேன், புனிதர் ஒரு பக்கமா சாஞ்சே போறாரு. போகட்டும்."

ரோகோ தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.