வயிற்றைப் பிசையாத மருந்து

நாகர்கோவிலில் இப்போது சர்க்கரை நோய் மருந்தால் யாரும் வாந்தி எடுப்பதில்லை. ஊரில் பாதிப் பேர் 'தண்மை' ஊசி போட்டுக்கொண்டு, அளவாகச் சாப்பிட்டு, தெளிந்த முகத்தோடு நடமாடினார்கள். அந்த மருந்தை வடிவமைத்த ஜெபசெல்விக்கும் சர்க்கரை உண்டு. அவளும் அதையேதான் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய அக்கா ரத்னபாய், குமட்டல் தாங்காமல் பழைய ஊசியை நிறுத்தி, சர்க்கரை ஏறி, ஒரு கால்விரலை இழந்தவள். அக்காவை நினைத்துத்தான் செல்வி மருந்துத்தறியின் முன்னால் உட்கார்ந்தாள். மூலக்கூறுகளை இழை இழையாகப் பின்னும் இயந்திரம் அது. பழைய ஊசி போட்டவர்கள் வாய்விட்டுச் சொன்ன வயிற்று உபாதைகளை எல்லாம் கேட்டு, அவை மூளைக்கு ஏறும் நரம்புத் தடத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மூடும்படி தண்மையைப் பின்னித் தந்தது.

அன்று மாலை மழை வெளுத்து வாங்கியது. செல்வி அக்கா வீட்டுக்கு வந்தபோது அக்கா ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷீபா வந்துட்டாளா?"

"இல்ல. போனும் எடுக்கல்ல. பாலத்துப் பக்கம் வெள்ளமாம். நீ இரு, ஆப்பம் சூடா இருக்கு."

மகள் வர ஐந்து நிமிடம் தாமதமானாலே வாசலுக்கும் கேட்டுக்கும் நடையாய் நடப்பவள் அக்கா.

"ஒனக்கு வயித்தப் பெசையல்லியா அக்கா?"

"பெசையல்ல. அதுதானே ஒனக்க மருந்து" என்று அக்கா சிரித்தாள்.

செல்வி சிரிக்கவில்லை. கைக்கருவியில் தறியை அழைத்தாள். "வயிற்றுப் பிசைவு என்று நீ எதை எடுத்துக்கொண்டாய்?"

தறி ஒரு பழைய குரலைப் போட்டுக் காட்டியது. அக்காவின் குரல். "பிள்ள வர நேரமானா எனக்கு வயித்தப் பெசையும் கேட்டியா."

"செரிமான உபாதை. நீக்கப்பட்டது" என்றது தறி.

"அதை மட்டும் திரும்பத் தர முடியுமா?"

"குமட்டலுக்கும் அதற்கும் ஒரே தடம். திறந்தால் இரண்டும் வரும்."

செல்வி தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். குளத்து நீர்போல் அசையாமல் கிடந்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம் வரவில்லை. 'ஆண்டவரே, உள்ளம் உருகாவிட்டாலும் கால் நடக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டு குடையை எடுத்தாள்.

பாலத்துக்குக் கீழே ஷீபா முழங்கால் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வண்டி சாய்ந்து கிடந்தது. ஆட்கள் சாவகாசமாக அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போன் தண்ணியில போச்சு சித்தி. எல்லாரும் பாத்துட்டுதான் போனாங்க. நல்லாத்தான் பாத்தாங்க. ஒருத்தரும் என்னன்னு கேக்கல்ல."

செல்வி தன் முந்தானையைக் கிழித்து அவள் முழங்காலில் கட்டினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னாள். தண்மையை நிறுத்தச் சொல்லி மருந்துக் கம்பெனிக்குத் தான் எழுதப்போவதையும் சொன்னாள். "ஆனா ஒனக்கு வேற வழி இல்லக்கா. பழைய ஊசிதான். வாந்தி வரும்."

அக்கா மகளின் காயத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"பாக்கேன், ஒண்ணும் தோணல்ல" என்றாள். "தோணணும்னு மட்டும் தெரியுது. பழசையே தா. இந்தத் தடவ நிறுத்த மாட்டேன்."

பழைய ஊசி போட்ட வாரம், அக்கா கழுவுதொட்டியில் குனிந்து குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். செல்வி பின்னால் நின்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். செல்வியும் ஊசியை மாற்றியிருந்தாள். அக்காவின் உடல் குலுங்கும்போதெல்லாம் இவள் வயிற்றையும் யாரோ பிசைந்தார்கள்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, கலங்கிய கண்களோடு நிமிர்ந்தாள்.

"செல்வி, ஷீபா காலேஜுக்குப் போய்ச் சேந்தாளான்னு கொஞ்சம் கேளு" என்றாள்.