வெளியே 36.6

கொதிகலன் அறையின் சின்னத் திரையில் 'வெளியே 36.6' என்றிருந்தது. யாத்விகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு. வடக்கே குளிர்ப்பகுதியில் இருக்கும் சுவாவ்கி ஊரில் ஜனவரி என்றால் மணி மூன்றரைக்கே பொழுது சாய்ந்து, முற்றத்துப் பனி நீலம் பாரித்து, ஆப்பிள் மரங்களின் நிழல்கூடக் கரைந்துபோய்விடும். திரையிலோ ஒரு சூரியப் படம். கோடை வந்துவிட்டதென்று நினைத்துக் கருவி தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டைச் சூடாக்கும் அந்தக் கொதிகலனையும் கருவியையும் பொருத்தியவர் அவள் கணவனின் சித்தப்பா தியோஃபில். யார் கிடைத்தாலும் உட்காரவைத்து விளக்குவார்.

"இது வீட்டுக்குள்ள பாக்கவே பாக்காதும்மா. வடக்குச் சுவர்ல, வெயில் படாத இடத்துல ஒரு டப்பா இருக்கு பாரு, அதுதான் இதுக்குக் கண்ணு. வெளிய குளிரக் குளிர, குழாய்ல இன்னும் சூடா தண்ணி அனுப்பும். வெளிய பதினெட்டைத் தாண்டிட்டா நெருப்பை அணைச்சிட்டுத் தூங்கிடும். உள்ள ஒருத்தன் விறைச்சுக் கிடந்தாலும் அதுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

வீட்டை இவர்களுக்கு எழுதிக்கொடுத்தபோது நோட்டரி பத்திரத்தில் அவர் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான்: சாகும்வரை மாடியறை, சாப்பாடு, விளக்கு, கணப்பு. ஏழு வருடம் யாத்விகா படியேறி சூப் கொடுத்தாள். கடைசி வருடம் அவர் படுக்கையிலேயே கிடந்தார். பசித்தால் கைத்தடியால், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாயில் தட்டுவார். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. அவளுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. போன ஜனவரியில், முதுகுவலிக்கு வைக்கும் மின்சாரச் சூட்டுப்பையை வடக்குச் சுவர் டப்பாவின்மேல் கட்டிவிட்டு, மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்தாள். மாடியில் கிடந்த உடலைப் பார்த்து, வயசாயிடுச்சு என்றார் டாக்டர்.

லாரியோடு ஜெர்மனிக்குப் போயிருந்த கணவனை போனில் அழைத்தாள்.

"ஸெனெக், வெளிய முப்பத்தாறுன்னு காட்டுது."

"அப்ப ஏரியில குளிக்கப் போ. இங்க எனக்கு டீசலே உறைஞ்சு கிடக்கு."

"விளையாடாத. கொதிகலன் அணைஞ்சு போச்சு."

"அந்த டப்பாமேல ஏதாச்சும் கட்டியிருக்கான்னு பாரு. வேற என்ன?"

அவன் சும்மாதான் சொன்னான். அவள் போனைத் துண்டித்தாள்.

முழங்கால்வரை பனியில் நடந்து வடக்குச் சுவருக்குப் போனாள். டப்பாவின்மேல் ஒன்றும் இல்லை. விரல் கனத்துக்கு உறைபனி மூடியிருந்தது, ஒரு வருடமாக யாருமே தொடாததுபோல. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வீட்டின் மணம் மாறியிருந்தது. ஆறிப்போன இரும்பு, பழைய கம்பளி, எங்கோ லேசாக சூப். திரையில் 35.9.

குறைகிறதே என்று ஆறுதலாக இருந்தது. தேநீர் போட்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொதிகலனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாள். 36.0. இன்னொரு மடக்கு. 36.1. கோப்பை பாதி வழியில் நின்றது.

அலமாரியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து அக்குளில் வைத்தாள். அது கீச்சிட்டது.

36.1.

திரையில் 36.1.

அது சுவரை அளக்கவில்லை. அவளை அளந்துகொண்டிருந்தது. அவள் சூடாக இருக்கும்வரை அதற்குக் கோடைதான்.

திருகைக் கைப்படம் போட்ட இடத்துக்குத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் கருவியைக் கேட்காமலே நெருப்பு எரியவேண்டும். திருகு மெதுவாக, பொறுமையாக, தானே சூரியப் படத்துக்குத் திரும்பியது. கோடையிலும் குளிக்கத் தண்ணீராவது காய்ச்சுமே என்று குழாயைத் திறந்தாள். குழாயிலிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு பனிக்கூழ். வாசல் கதவுக்கு ஓடினாள். கைப்பிடி அசையவில்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல. போன் குளிரில் செத்துப்போயிருந்தது.

34.

குழாய்கள் ஆறிச் சுருங்கும் சத்தம். டொக் டொக். இடைவெளி. டொக் டொக்.

"சித்தப்பா," என்றாள். "சூப் கொண்டு வரேன் சித்தப்பா."

டொக் டொக்.

31. நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதென்று தோன்றியது.

26. பதினெட்டுக்குக் கீழே போனால் நெருப்புப் பற்றும். இன்னும் கொஞ்சம்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எடுக்கவே இல்லை.

விடியும் நேரத்தில் கொதிகலனில் நெருப்பு குபுக்கென்று பற்றியது. பம்பு முனகியது. அறை அறையாக இதமான சூடு ஏறியது. ஜன்னல் கண்ணாடிகளில் பனி வழிந்தது. நாற்காலியில் அவள் நிமிர்ந்தே இருந்தாள், திறந்த கண்களில் திரையின் பச்சை வெளிச்சத்தோடு. வெளியே 17.9.

மாடியறையில் யாரோ ரேடியேட்டரின் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்கள்.