குடும்பக் கூட்டத்தன்று திறந்திருந்த குழாய்

முதல்வர் அம்மாள் தன் மேஜையைத் தானே துடைத்துக்கொண்டே பிரச்சினையைச் சொன்னார். மேஜைமேல் கண்ணாடிப் பலகை. கையில் புத்தம்புதிய மஞ்சள் துணி, அதன் ஓரத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அப்படியே இருந்தது. துடைக்கும் ஆளை வேலையிலிருந்து எடுத்தாயிற்று, சிக்கனம் என்றால் அது தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். அந்தத் தலைக்கு ஒரு குறையும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

எதிரே இருந்தவரைத் தெரிந்தவர்கள் நிதானம் என்று அழைப்பார்கள். போலீஸுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களின் சிக்கல்களை விசாரித்துச் சொல்வது அவர் தொழில். பக்கத்து நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பது வயது வரை எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் அக்காள் புருஷனோடு சேர்ந்துகொண்டவர். அவருக்கு அவசரம் என்று யாரும் யோசித்துப் பெயர் வைக்கவில்லை. பார்த்தவுடனே வாயில் வந்த பெயர் அது.

விஷயம் இதுதான். கல்லூரிக்கு வரும் மானியம் பாதியாகிவிட்டது. தாவரவியலையும் விலங்கியலையும் ஒன்றாக்க வேண்டும். இரண்டு துறைக்கும் ஆளுக்கொரு ஆசிரியர்தான், இருவருமே நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். குற்றம் செய்தால் ஒழிய, அல்லது அவர்களாகவே எழுதிக் கொடுத்தால் ஒழிய, அனுப்ப முடியாது. யார் இருப்பது, யார் போவது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று முதல்வர் அவர்களிடமே விட்டிருந்தார். பெருந்தன்மையாம்.

திங்கட்கிழமை காலை, கல்லூரியின் எதிர்காலம் பற்றிய தன் தொலைநோக்கைச் சொல்ல எல்லா ஊழியர்களையும் அவர் அரங்கத்துக்கு அழைத்தார். அதற்குக் குடும்பக் கூட்டம் என்று பெயர். எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் மாடியில் விலங்கியல் ஆய்வகத்துக் குழாய் கொட்டி, தொட்டி நிரம்பி, தண்ணீர் தரையில் குழாய் இறங்கும் துளை வழியாகக் கீழே தாவரவியல் அறைக்குள் இறங்கிவிட்டது. அந்த ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காடு மேடெல்லாம் அலைந்து பறித்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டி வைத்திருந்த செடிகள் கூழாகிவிட்டன.

"போலீஸ் வேண்டாம். இது நம்ம குடும்ப விஷயம்" என்றார் முதல்வர். "ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கூப்பிட்டுப் பேசுங்க. யார் என்ன சொன்னாங்கன்னு சாயங்காலம் எனக்கு வந்து சொல்லுங்க. அது போதும்."

நியாயமான பேச்சாகத்தான் நிதானத்துக்குப் பட்டது.

கீழே, நனைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார் தாவரவியல் ஆசிரியை. மாணவர்கள் அவரை இலை டீச்சர் என்பார்கள். சுவரோரம் வரிசையாக இரும்பு அலமாரிகள் நின்றன. உள்ளே இருந்தவற்றின்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பாழானவை எல்லாம் நீள மேஜையில் பரப்பி வைத்திருந்தவை. ஏன் பரப்பினீர்கள் என்று நிதானம் கேட்டார். கூட்டம் முடிந்ததும் வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வருவார், நல்லதாக எடுத்து வையுங்கள் என்று முதல்வர்தான் நேரில் வந்து சொன்னாராம். அதனால் இருப்பதிலேயே அருமையானவற்றை எடுத்து வைத்தாராம். வந்தாரா என்றதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

மாடியறைச் சாவி அவரிடமும் இருந்தது. அவருடைய அறைச் சாவி விலங்கியல்காரரிடமும் இருந்தது. மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். இலை டீச்சரின் மகளைத்தான் அவர் தன் மகனுக்கு எடுத்திருந்தார்.

"யாருன்னு சீக்கிரம் சொல்லிடுங்க சார்" என்றார் இலை டீச்சர். "என் பொண்ணு அந்த வீட்டுலதான் வாழறா. சம்பந்திதான் இதைப் பண்ணினாருன்னா அவ அந்த வீட்டுல எப்படிச் சோறு சாப்பிடுவா? அவர் இல்லன்னா, சந்தேகப்பட்ட பாவத்துக்கு நான் எப்படி அவர் மூஞ்சில முழிப்பேன்?"

மாடியில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. அவசரம் இரண்டு தும்மல் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஜாடிகளில் தவளைகள், கம்பியில் கோத்த ஒரு குரங்கின் எலும்புக்கூடு, அதற்குப் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம்தான் சதைப்பற்றுள்ள விலங்கியல் ஆசிரியர். எலும்பு சார் என்ற பெயர் பாடத்தால் வந்ததா, உடம்பால் வந்ததா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அன்று காலை கை கழுவக் குழாயைத் திறந்ததாகவும், தண்ணீர் வராததால் மூடிவிட்டுக் கூட்டத்துக்குப் போனதாகவும் அவர் சொன்னார். மூடாமல் மறந்துபோயிருக்கலாமே என்று அவசரம் மடக்கினார். மறதி என்று முடித்துவிடவும் வழியில்லை. தொட்டியின் துவாரத்தில் யாரோ துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள். பழைய மஞ்சள் துணி. நிதானம் அதை முகர்ந்து பார்த்தார். அங்கே கொடியில் தொங்கிய துவைத்த துணிகளையும் முகர்ந்தார். பையைக் கட்டி வைத்தார்.

முதல் நாள் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு குறை சொல்லவில்லை. சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கிண்டியதில் ஒன்றிரண்டு வார்த்தை உதிர்ந்தது. சாயங்காலம் நிதானம் அதை முதல்வரிடம் சொன்னார்.

இரண்டாம் நாள் இருவர் முகமும் கடுகடுவென்று இருந்தது. கல்யாணப் பேச்சின்போதே மகனுக்கு வேலை இருப்பதாகப் பொய் சொன்ன மனுஷர் குழாய் விஷயத்தில் மட்டும் உண்மை சொல்வாரா என்று கேட்டார் இலை டீச்சர். எலும்பு சார் அதற்கு மேலே போனார். அந்த அம்மாளே தண்ணீரைத் திறந்துவிட்டு, உதவாத அட்டைகளைப் பரப்பி வைத்து, பழியைத் தன் தலையில் கட்டுகிறார் என்றார். அழுது காரியம் சாதிப்பது அவர்கள் வீட்டுப் பழக்கம், மருமகளும் அந்த வார்ப்புதான் என்றார். அதுவும் அன்று சாயங்காலம் முதல்வரிடம் போயிற்று.

மூன்றாம் நாள் காலை இருவரும் விசாரணைக்கு வரவில்லை. தனித்தனியாக முதல்வர் அறைக்குப் போய்விட்டு, தனித்தனியாக வெளியே வந்தார்கள். இரண்டு நாள் ஊர்வாயைக் கிளறிய குற்றவுணர்வு துளியும் இல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவசரத்துக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"மாமா, நாம சாயங்காலம் இந்தம்மாகிட்ட சொல்றது, மறுநாள் காலையில இவங்க காதுக்குப் போயிருக்கு. வரி பிசகாம."

நிதானம் குவளையைக் கீழே வைத்தார். அவர் முகம் சுண்டிப்போனதை அவசரம் முதன்முறையாகப் பார்த்தார். பிறகு நிதானம் இரண்டு வேலை செய்தார். மோட்டார் போடுகிறவரைப் பார்க்கத் தானே போனார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டு வரும்படி மச்சினனை அனுப்பினார்.

பிற்பகலில் முதல்வர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இலை டீச்சர் ஒரு மூலை, எலும்பு சார் எதிர்மூலை. நிதானம் குரலை உயர்த்தவில்லை.

"இந்தக் கட்டடத்துக்கு எப்பவும் விடியும்போதே தண்ணி ஏத்திடுவாங்க. திங்கட்கிழமை ஏத்தல. கூட்டம் நடக்கும்போதுதான் மோட்டார் ஓடிச்சு. சாதாரண நாள்ல யாராவது குழாயைத் திறந்து துணியை அடைச்சா, அப்பவே வழியும். பக்கத்துல ஆள் இருக்கும், மூடிடுவாங்க. அதனால இதைப் பண்ணினவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். இப்பத் தண்ணி வராது. எல்லாரும் அரங்கத்துல இருக்கும்போது வரும்."

எலும்பு சாருக்குக் குழாய் வறண்டிருந்தது தெரியுமே என்றார் முதல்வர்.

"தெரியும். எப்ப வரும்னு தெரியாது. மத்தியானம் வந்திருந்தா அவரே பக்கத்துல நின்னிருப்பார். சிக்கனத்துக்காக மோட்டார் நேரத்தை மாத்தியாச்சுன்னு இவங்க ரெண்டு பேரும் கேட்டதே உங்க பேச்சுலதான். அதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் மோட்டார்காரர், அவர்கிட்ட மாடிச் சாவி கிடையாது. இன்னொருத்தர், அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே அவருக்குப் போன் பண்ணி நேரத்தை மாத்தச் சொன்னவர். எல்லா அறைக்கும் மாத்துச் சாவி அவர்கிட்ட இருக்கு."

முதல்வர் மேஜைக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

மற்றதை நிதானம் வேகமாகச் சொல்லி முடித்தார். அட்டைகளை அலமாரியிலிருந்து வெளியே எடுக்க வைத்த அந்தப் பார்வையாளர் என்று ஒருவர் இல்லவே இல்லை. எப்போதும் நாலு வாக்கியத்தில் கூட்டத்தை முடிக்கிற முதல்வர், அன்று பேசிக்கொண்டே இருந்தார். பெருக்குகிறவர் பாதியில் எழுந்தபோது, குடும்பக் கூட்டத்தில் யார் எழுந்து போவது என்று சிரித்துக்கொண்டே உட்கார வைத்தார். தொட்டி நிரம்பி வழிய அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. ஆய்வகத்துத் துணி எத்தனை முறை துவைத்தாலும் ஃபார்மலின் நெடி போகாது. தொட்டியில் இருந்த பழைய மஞ்சள் துணியில் அந்த நெடி இல்லை. சம்பவத்துக்கு மறுநாள் முதல்வரின் மேஜைக்குப் புது மஞ்சள் துணி வந்திருந்தது.

முதல்வர் கோபப்படுவார் என்று காத்திருந்த அவசரம் ஏமாந்துபோனார்.

"ஒருத்தரை அனுப்பினா இன்னொருத்தர் அவருக்காக நிப்பார்" என்றார் முதல்வர், மாணவருக்குப் பாடம் சொல்வதுபோல. "சம்பந்திங்க. கோர்ட்டுக்குப் போவாங்க, வருஷக்கணக்கா இழுக்கும். எனக்கு ரெண்டு இடமும் காலியாகணும். சேர்ந்து நிக்கறவங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சார் ஆள் குறைக்கறது?"

இதை ஊர் முழுக்கச் சொல்லுவோம் என்றார் அவசரம்.

"சொல்லுங்க. அந்தத் துணி என்னுதில்லன்னு நான் சொல்றேன். மோட்டார்காரருக்கு வேலை வேணும், அவரும் எதையும் சொல்ல மாட்டார். இவங்க ரெண்டு பேரும் காலையிலயே ராஜினாமா எழுதிக் கொடுத்தாச்சு, நிர்வாகமும் ஏத்துக்கிட்டாச்சு. எழுதச் சொல்லி நான் யாரையும் கேட்கல. அந்தச் சம்பந்தி முகத்தைப் பார்த்துக்கிட்டு இங்க இருக்க முடியாதுன்னு ரெண்டு பேரும் அவங்களா சொன்னது." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நிதானத்தைப் பார்த்து உண்மையான மரியாதையோடு தலையசைத்தார். "உங்களை மாதிரிப் பொறுமையா கேட்டா யாரா இருந்தாலும் பேசிடறாங்க. பக்கத்துக் கல்லூரியிலயும் ஆள் குறைக்கப் போறாங்க. உங்க நம்பரைக் கொடுத்திருக்கேன்."

அவர் போன பிறகும் நால்வரும் அங்கேயே இருந்தார்கள். தன் வாழ்நாளில் எத்தனையோ திருடர்களைப் பிடித்த நிதானத்துக்கு, திருடனுக்கு மூட்டை தூக்கியவனின் நிலைமை என்ன என்பது அன்றுதான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தப்பு உங்கள் இருவர்மேலும் இல்லை, நடந்ததை மறந்துவிடுங்கள் என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

எலும்பு சார்தான் முதலில் எழுந்தார். எதிர்மூலை வரை நடந்து வந்தார்.

"சம்பந்தி, வீட்டுக்கு வாங்க. உட்கார்ந்து பேசிக்கலாம்."

இலை டீச்சர் நிமிரவில்லை. "தண்ணிய நீங்க திறக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா என் பொண்ணு அழுது நடிக்கறவன்னு சொன்னது முதல்வர் இல்லையே. அது அவ காதுக்கும் போயாச்சு."

"நீங்களும்தான் என் பையனைப் பத்திச் சொன்னீங்க."

"சொன்னேன். நான் இல்லன்னு சொல்லல. அது உண்மைங்கறதும் உங்களுக்குத் தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே, கல்லூரி வாசலில் ஓர் இளம்பெண் இரண்டு பெட்டிகளோடு அம்மாவுக்காகக் காத்திருந்தாள். எலும்பு சார் அவளைப் பார்த்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி..."

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க."

"பின்னே எப்படிக் கூப்பிடறது? டீச்சர்னா?"

"அதுவும்தான் காலையோட போச்சே" என்று சொல்லிவிட்டு, இலை டீச்சர் மகளிடம் போனார்.