வலது பக்க மூடி

மாடிப்படி ஏறி வரும்போதே முத்தம்மை ஆச்சி அழத் தொடங்கிவிட்டார். ஜெகதீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் விபத்துகளை விசாரித்தவர், இப்போது சூலியா தெருவில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அவசரப்படும் வேலையை முழுக்க உதவியாளன் வாசுவிடம் விட்டிருந்தார்.

ஆச்சியின் ஒரே மகள் அர்ச்சனா, ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். வலது கண் சிவந்து, வலி பொறுக்க முடியாமல் கண் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். எந்த மருந்தும் கேட்கவில்லை. உள்ளே போன கிருமி எதுவென்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தொடங்க முடியும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தால் பார்வையே போய்விடலாம் என்று டாக்டர் சலேஹா சொல்லியிருக்கிறார். லென்ஸில் தண்ணீர் பட்டதா என்றும் கேட்டிருக்கிறார். பட்டதே இல்லை என்று தாயும் மகளும் சொல்லிவிட்டார்கள்.

"இம்ரான் கடையில வாங்கின லென்ஸுங்க அது. டூப்ளிகேட் சாமான வித்துட்டு வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. என்ன வித்தாருன்னு அவரு வாயால வரணும். எம் பொண்ணு கண்ணு பொழைக்கணும்."

பையிலிருந்து லென்ஸ் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். இடது கண்ணுக்கு ஒரு குழி, வலது கண்ணுக்கு ஒரு குழி, இரண்டுக்கும் தனித்தனி மூடி. மகளைத் தவிர யாரும் இதைத் தொட்டதில்லை, தொட விடவும் மாட்டாள் என்றார். வாசு கையுறை மாட்டிக்கொண்டு வலது மூடியைத் திருகினான். அசையவில்லை.

"அமுக்கிக்கிட்டே திருப்பணும் தம்பி. சும்மா திருகினா வராது," என்றார் ஆச்சி, மூக்கைத் துடைத்தபடி.

மூடி வந்துவிட்டது. குழியின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு. இடது குழி வெள்ளையாகவே இருந்தது. லென்ஸ் ஊறவைக்கும் மருந்து கெட்டுப்போன ஸ்டாக், கேஸ் முடிந்தது என்று வாசு அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டான். அவன் தீர்ப்புகள் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடும்.

இம்ரானின் கடையில் ஈ காக்கை இல்லை. டூப்ளிகேட் லென்ஸ் விற்கிறார் என்று ஆச்சியின் சொந்தக்காரர் யாரோ போனில் பரப்பிவிட்டிருந்தார். இம்ரான் சண்டை போடவில்லை. அதே லென்ஸ், அதே மருந்து பாட்டில்களை எடுத்து வைத்தார். எல்லாம் முத்திரை உடையாதவை. அர்ச்சனாவுக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், அதனால் ஒரே பெட்டியிலிருந்துதான் இரண்டு லென்ஸும் எடுப்பாள் என்றார். மாதாமாதம் தவறாமல் மாற்றுகிற பெண், தூங்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிடுவாள், அவளைப்போல் பத்திரமாக வைத்துக்கொள்பவர் குறைவு என்றார்.

மிச்சப் பெட்டிகளைப் பார்க்க ஆச்சி வீட்டுக்குப் போனார்கள். அதிலும் குறையில்லை. கிளம்பும்போது ஆச்சி சாமி அலமாரியிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்து வந்தார். தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் கிடந்தன. நல்லது நடக்கட்டும், கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள் என்றார். வாசு ஒற்றிக்கொண்டான். ஜெகதீஸ்வரி கையில் வாங்கி, தலையில் மட்டும் தெளித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அர்ச்சனா வலது கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டப்பாவை யாரிடமாவது கொடுத்தாயா, மூடி இறுகுவதை யாரிடமாவது சொன்னாயா என்று ஜெகதீஸ்வரி கேட்டார். இரண்டும் இல்லை. இதற்கு முன்னால் அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆனதா?

"துடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க. கம்ப்யூட்டர் பார்க்கிறதாலதான்லான்னு நான் சிரிச்சேன்."

ஜெகதீஸ்வரி வெளியே வந்தார். ஒரு வழக்கு முடிகிறதே என்ற நிம்மதி அவருக்கு வரவில்லை. சொல்லாமல் விட்டால் கண் போகும், சொன்னால் ஒரு தாயின் மனம் உடையும். இம்ரானையும் வரவழைத்து, வராந்தாவில் ஆச்சியை உட்கார வைத்தார்.

"இம்ரான் மேல தப்பில்ல ஆச்சி. ஒரே பெட்டி லென்ஸ், ஒரே பாட்டில் மருந்து. அது கெட்டிருந்தா ரெண்டு கண்ணும் கெட்டிருக்கணும்."

அப்படியானால் தொழிற்சாலைத் தூசியா என்றான் வாசு.

"தூசி ஒரு குழியில மட்டும் மஞ்சக் கோடு போடாது. வலது பக்கத்துல மட்டும் யாரோ மஞ்சத் தண்ணிய தினமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்காங்க. ரெண்டு சொட்டு கலந்தா அவளுக்கு நிறம் தெரியாது. ஆச்சி, அந்த மூடிய அமுக்கித் திருப்பணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அது தண்ணி இல்லையே. சாமிகிட்ட வச்ச தீர்த்தம். பொம்பளைக்கு வலது கண்ணு துடிச்சா ஆகாது. ஒத்திக்கடின்னா சிரிக்கிறா. அதான் அவ தூங்கினப்புறம் டப்பாவுல விட்டேன். அவளுக்குத் தெரியக் கூடாதேன்னுதான் யாரும் டப்பாவத் தொடலன்னேன். டாக்டர் கேட்டப்ப நான் பொய் சொல்லல."

"தெரியும் ஆச்சி. சாமி மேல குறையில்ல. குழாய்லேர்ந்து பிடிச்ச தண்ணி. குடிச்சா ஒண்ணும் ஆகாது. லென்ஸோட கண்ணுக்குள்ள போனா, அதுல இருக்கிற கிருமி கருவிழியத் தின்னுடும்."

இம்ரான் தன்மேல் பழி நீங்கியதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "பாப்பாகிட்ட எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் ஆச்சி. உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல," என்றார்.

டாக்டர் சலேஹா உடனே மருந்தை மாற்றினார். ஒவ்வொரு மணி நேரமும் சொட்டு விட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கண்ணைக் காப்பாற்றிவிடலாம், பார்வைக்கு வாக்குத் தர முடியாது, தெரிய வேண்டியது முன்பே தெரிந்திருக்கலாம் என்றார்.

மகளிடம் தானே சொல்கிறேன் என்று ஆச்சி உள்ளே போனார். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அர்ச்சனா நல்ல கண்ணால் அம்மாவையே பார்த்தாள். வாசு தலையைக் குனிந்துகொண்டான். இத்தனையும் கண்டுபிடித்த ஜெகதீஸ்வரிக்கு, இந்த இடத்தில் செய்ய ஒன்றுமே இல்லை.

நர்ஸ் மருந்தோடு வந்தாள். அர்ச்சனா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவு. நல்லா தொடச்சிட்டு வா. நீயே போடும்மா."

ஆச்சி குழாயடிக்குப் போனார். கழுவினார், துடைத்தார், மறுபடியும் சோப்பை எடுத்தார். மருந்து போடும் நேரம் தாண்டியும் அவர் திரும்பவில்லை. கடைசியில் வாசு போய்க் குழாயை மூடி, அவர் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது.