உதடு பட்ட காபி

அன்று காலை மாரேட்பள்ளி ஃபிளாட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடந்தது மகாயுத்தம்! கச்சிபௌலியிலிருந்து டாக்சியில் வந்து இறங்கிய பாமாவின் முதல் அலறலுக்கே பால்கனிப் புறாக்கள் உப்பல் வரை பறந்துபோயின.

"அடிப்பாவி! எங்கப்பாவை எச்சில் பண்ணிக் குடிக்க வைக்கறியா?"

ரஞ்சனா டம்ளரும் கையுமாக நிமிர்ந்தாள். எதிரே நாற்காலியில் மாமனார் ஜம்புநாதன். டம்ளரை உதட்டில் வைத்தே அறியாத மனிதர். ஒரு முழ உயரத்திலிருந்து, அண்ணாந்து, சொட்டுச் சிந்தாமல் காபியை ஊற்றிக்கொள்வார். அந்தக் காட்சிக்காகவே அவர் வேலை பார்த்த பாலாநகர் தொழிற்சாலை கேன்டீனில் மூன்று ஷிஃப்டும் கூடுமாம். தீபாவளிக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது, விழுங்குவதும் தடுமாறியது. இப்போது மோவாய் மார்பில் படக் குனிந்து, விளிம்பில் உதடு வைத்து, மருந்துக்கடைப் பொடி போட்டுக் கெட்டியாக்கிய காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கூசாமல் இருக்க, ரஞ்சனாவும் எதிரே உட்கார்ந்து அதே மாதிரி வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது காபியா, பசையா? சுவத்துல போஸ்டர் ஒட்டப் போறியா?"

"அக்கா, தண்ணியா கொடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். அண்ணாந்தா இன்னும் ஆபத்து. தெரபிஸ்ட் பேசின வீடியோவை உங்களுக்கு அனுப்பினேனே... கட்டைவிரல் போட்டேளே!"

"ஆயிரம் வருது, எல்லாத்துக்கும்தான் போடறேன்! அப்பா போன்ல 'ஜலம்... ஜலம்'னு அழறார். ஆனந்தா! உன் பொண்டாட்டி ஒரு வாய் ஜலம் கொடுக்காம அவரைக் கொல்லறா, நீ பேப்பர் படிக்கறியா?"

ஆனந்தகுமார் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். அந்தப் பேப்பர் இருக்கும்வரை அந்த மனிதனுக்கு முகமே தேவையில்லை.

"இன்னிக்கே அப்பாவை எங்காத்துக்கு அழைச்சுண்டு போறேன். நீ என்ன பண்றேன்னு சொந்தக்காரா அத்தனை பேருக்கும் சொல்றேன்... கொலைகாரி!"

கொலைகாரி! உப்பலில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு கிடக்கும் பெற்ற தாயை ஒரு தடவை எட்டிப் பார்க்கக்கூடப் போகாமல், இந்த நாற்காலியைக் காவல் காத்தவளுக்குக் கிடைத்த பட்டம்! ரஞ்சனாவின் கண்கள் நிரம்பின. அவள் துடைத்துக்கொள்வதற்குள் பாமா சமையலறையில் புகுந்து, ஆவி பறக்கக் காபி கலந்து, ஆற்றி, நுரை ததும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

"நக்கோ அக்கா! வேண்டாம்... கொடுக்காதேங்கோ!"

"தள்ளுடி!"

வாசனை பட்டதும் ஜம்புநாதனின் முகம் மைசூர் தசரா மாதிரி ஜொலித்தது. நல்ல கையால் டம்ளரைப் பிடுங்கினார். அண்ணாந்தார். பழைய மகாராஜா! ஒரே வாய்...

அடுத்த நொடி மூச்சு நின்றது. கண் பிதுங்கியது. முகம் நீலம் பாரித்தது.

"அப்பா! ஐயோ... ஆனந்தா!" பாமா உறைந்து நின்றாள். ரஞ்சனா பாய்ந்து வந்து மாமனாரை முன்னால் சாய்த்துத் தாங்கிக்கொண்டாள். "இருமுங்கோ மாமா! விடாதேங்கோ... இன்னும்... இன்னும்!"

இருமினார் பாருங்கள், கட்டடமே ஆடியது! காபி முழுவதும் பாமாவின் புதுப் பட்டுப்புடவையில் வந்து விழுந்தது. பின்னாலேயே மூச்சும் வந்தது.

பாமா அவர் வாயைத் துடைக்கக் கையை நீட்டினாள். ஜம்புநாதன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். ரஞ்சனாவின் டம்ளரைக் காட்டினார்.

"அந்தப்... பசையைக்... கொடு."

மேல்கோர்ட்டுகூட இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை.

ஆனந்தகுமார் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அழைத்து வந்த டாக்டர், நெஞ்சைச் சோதித்து, ஜுரம் வருகிறதா என்று கவனிக்கச் சொல்லிவிட்டுப் போனார். ரஞ்சனா உள்ளே போனாள். ஒரு பையோடு வெளியே வந்தாள்.

"அப்பாவை அழைச்சுண்டு போறேன்னேளே அக்கா, சந்தோஷம். இங்கேயே இருந்து பாருங்கோ. நான் பத்து நாள் எங்கம்மாகிட்ட இருந்துட்டு வரேன்."

"போகாதேடி ரஞ்சனா... தெரியாம பண்ணிட்டேன்... எனக்கு பயமா இருக்கு!" பாமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஹுசைன் சாகர் ஏரியில் தண்ணீர் இரண்டு அடி ஏறியிருக்கும்.

"எனக்கும் தினம் பயம்தான் அக்கா. என்னிக்காவது யாராவது கேட்டேளா?"

பாமா கையை விலக்கிக்கொண்டாள்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றான் ஆனந்தகுமார்.

"வேண்டாம். மெட்ரோல போய்க்கறேன். அக்காவுக்கு ஒத்தாசையா இருங்கோ." பொடி டப்பாவைப் பாமாவின் கையில் வைத்தாள். "எதிர்ல உட்கார்ந்து நீங்களும் வாய் வெச்சுக் குடிக்கணும். தனியாக் குடிக்க மாட்டார். கூச்சம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ரஞ்சனா திரும்பிப் பார்த்தாள். பிறத்தியார் வீட்டுக் குழந்தை வாய் வைத்துக் குடித்தால்கூடத் தலையில் குட்டுகிற பாமா, விஷம் குடிக்கப் போகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, டம்ளரில் உதட்டை வைத்தாள்.

ஜம்புநாதன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிப்போன வாயின் ஒரு பக்கம் மெல்லச் சிரித்தது.

"எச்சில்!" என்றார் கண்டிப்பாக.

பிறகு தானும் குனிந்தார்.

ரஞ்சனா சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.