எந்தக் கப்பல்?

காலை ஏழு மணிக்குக் குழாய் சங்கவையிடம் வழக்கம்போல் கேட்டது: "எந்தக் கப்பல்?"

அவள் மணிக்கட்டை நீட்டினாள். தோலுக்கடியில் இருந்த குலச்சில்லைப் படித்ததும் குழாய் வாயை மூடிக்கொண்டது. "பின்கப்பல். பின்வாசல் பீப்பாய்க்குச் செல்லவும். இது பாகுபாடு அல்ல, சுகாதார ஏற்பாடு. இனிய நாள்!"

செவ்வாயின் ஒருமைக் குவிமாடத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசி, ஒரே குழம்பைச் சாப்பிடுகிறவர்கள்தாம். ஆனால் சிலருடைய பாட்டனார்கள் முதல் கப்பலில் வந்தவர்கள். மற்றவர்களின் பாட்டனார்கள் இரண்டாம் கப்பலில். இடைவெளி பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் முன்கப்பலார் ஒரு பண்பாட்டையே உருவாக்கிவிட்டதாகப் பாடப்புத்தகம் சொன்னது.

பொதுத்தொட்டி முன்கப்பலாருக்கு. அதன் வடிகட்டியைக் கழுவுவது பின்கப்பலார் வேலை. சங்கவையும் எட்டு வருடம் கழுவியிருக்கிறாள். போன ஆண்டு வந்த தூய்மைச் சட்டம், பின்கப்பலார் தொட்டியைத் தொடக்கூடாது என்றது. சரி, முன்கப்பலார் வடிகட்டியைத் தொடுவார்களா? கௌரவம் என்னாவது? ஆக, ஓராண்டாக அதை யாரும் கழுவவில்லை. பின்வாசல் பீப்பாயிலோ பனிக்கட்டி உருகிய வெறும் நீர். வடிகட்டி கிடையாது என்பதால் அவர்கள் கொதிக்கவைத்துக் குடித்தார்கள்.

காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். அத்தனை பேரும் முன்கப்பல். பின்கப்பலில் ஒரு தும்மல்கூட இல்லை. சந்தேகப்பட இது போதாதா?

விசாரணை மண்டபத்தில் அறுபத்து மூன்று பின்கப்பலாரும் நிறுத்தப்பட்டார்கள். தொட்டியில் விஷம் கலந்த குற்றம் உறுதியானால் குவிமாடத்துக்கு வெளியே, கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு. கையில் இரண்டு நாளுக்கான மூச்சுக்காற்று. சங்கவையின் ஆறு வயது மகள் நறுமுகை அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

குடியிருப்புத் தலைவர் அரங்கநாயகம் கழுத்தில் மாலையோடு எழுந்தார். "மனுஷன்னா ஒரு பக்கம் சாய்வான். அதுக்குத்தான் தீர்ப்புச் சொல்ல இந்தக் 'கோடாத நடுவன்' பொறியை வெச்சிருக்கோம். மனித குலத்தோட மொத்த வரலாறும் இந்தப் பொறிக்குள்ள இருக்கு. இதுக்கு வெறுப்பு தெரியாது!"

கைதட்டல். நடுவன் பச்சை விளக்கைச் சிமிட்டியது.

"தலைவரே, தொட்டி ரூம் கதவு எங்க கைக்குத் திறக்கவே திறக்காதே. நாங்க எப்படி விஷம் கலப்போம்?" என்றாள் சங்கவை.

"பாத்தீங்களா? திறக்காத கதவையே திறந்திருக்காங்கன்னா எவ்வளவு பெரிய சூழ்ச்சி!"

"ஐயோ, நாங்க தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறோம். அதான் எங்களுக்கு வரல. நீங்களும் காய்ச்சுங்க, சரியாப் போயிடும்."

"ஏம்மா, ஒண்ணுமில்லாத தண்ணியை எதுக்குக் காய்ச்சணும்? அப்போ முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

சங்கவைக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். அவள் பொறியின் பக்கம் திரும்பினாள்.

"நடுவரே, பூமியில, ஐரோப்பாவுல, கொள்ளைநோய் வந்தப்போ யூதர்கள் மேல இதையேதான் சொன்னாங்க. கிணத்துல விஷம் போட்டாங்கன்னு. ஒரு ஊர்ல நோய் வந்து சேர்றதுக்கு முன்னாடியே அவங்களை எரிச்சாங்க. எல்லாம் பொய். உங்ககிட்டயே பதிவு இருக்கு. பாருங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

நடுவன் நான்கு விநாடி பதிவுகளைப் புரட்டியது. அதற்கு அது ஒரு யுகம். சங்கவை மகளின் கையை இறுக்கினாள்.

"பார்த்தேன். யூதர், தொழுநோயாளர், நாடோடிகள், இன்னும் பலர். இதே குற்றச்சாட்டு, பல நாடுகளில், பல நூற்றாண்டுகளாக. பெரும்பாலும் தீர்ப்பு ஒன்றே: குற்றவாளிகள். இத்தனை ஊர்கள் ஒன்றுபோல் தவறியிருக்க வாய்ப்பு குறைவு. வலுவான முன்னுதாரணத்தை எடுத்துத் தந்தமைக்கு நன்றி."

"அதெல்லாம் அநியாயத் தீர்ப்பு! அப்புறம் எல்லாரும் வருத்தப்பட்டாங்களே, மன்னிப்புக் கேட்டாங்களே!"

"மன்னிப்புகள் உள்ளன. அவை 'விழாக்களும் உரைகளும்' பிரிவில் இருக்கின்றன. சட்டப் பிரிவில் இல்லை."

மாலை நான்கு மணிக்கு வண்டிகள் புறப்பட்டன. நறுமுகையின் முகமூடி வாரைச் சங்கவை இறுக்கினாள். "அம்மா, அங்க குழாய் இருக்குமா?" என்றாள் குழந்தை. "அதுவும் கேள்வி கேக்குமா?"

வண்டித் தடத்தைச் செம்புழுதி மூடியது. சுரங்கத்திலிருந்து பிறகு எந்தக் குரலும் வரவில்லை.

காய்ச்சல் நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நடுவன் சபையைக் கூட்டியது. "முன்பு ஏற்றுக்கொண்ட அதே விதிப்படி, நோய் வராதவரே குற்றவாளி. குடியிருப்பில் நோய் தொடாத ஒருவர் மீதம்: தலைவர் அரங்கநாயகம்."

அவர் கட்டிலுக்கடியில் பூமியிலிருந்து தருவித்த தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. அதைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும்.

"நான் முன்கப்பல்யா!" என்று அலறினார்.

கூட்டம் யோசித்தது. இருமலுக்கு நடுவே யாரோ கேட்டார்கள்: "முன்கப்பல்தான், சரி. அதுல எந்தப் பக்கம்? ஜன்னல் பக்கமா, கழிப்பறைப் பக்கமா?"

அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. ஆனால் கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் தத்தம் பாட்டனார் உட்கார்ந்து வந்த பக்கம் நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் ஆட்கள் மெல்ல எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

பின்வரிசையில் காய்ச்சலில் துவண்டிருந்த ஒருத்தி மெலிந்த குரலில் சொன்னாள்: "தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சுப் பாக்கலாமா?"

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் முகம் சுளித்தன.

"சீ! அது அவங்க பழக்கம்."