கடைசி வரிசையின் மூக்கு

முதலில் அந்தப் பள்ளிக்கூடத்து மண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அது மூட்டைகள் அடுக்கி வைத்த கிடங்கு. மேலே தகரக் கூரை, சுற்றிலும் மொட்டைச் சுவர். ஒருவர் தும்மினால் மூன்று பேர் தும்மியது போலக் கேட்கும்.

அடுத்து, இரண்டு தோழிகள். ஒருத்தியின் குரல் கணீரென்று இருக்கும். அதனால் அவள் வெண்கலம். இன்னொருத்தி பேசினால் பக்கத்தில் இருப்பவரே காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அதனால் அவள் பஞ்சு. இருவரும் ஒரே பெஞ்சு.

ஆண்டு விழா நாடகத்தில் பஞ்சுதான் நிலா. தூக்கம் வராமல் படுத்திருக்கும் குழந்தையிடம் நிலா மெல்லப் பேசும். பஞ்சு பேசினால் பார்ப்பவர்களுக்கும் கொட்டாவி வந்துவிடும். அவ்வளவு இதம்.

வெண்கலத்தின் சித்தப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த பணத்துக்கு ஒரு மைக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளும்தான் கட்டுபடியாயின. பெட்டிகளை மேடையின் இரண்டு ஓரங்களிலும் வைத்துவிட்டு, சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. கடைசி வரிசைக்குக் கேக்குதா?”

“கேக்குது” என்று, ஒத்திகை பார்க்க உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் கடைசி வரிசை ஒரே குரலில் கத்தியது. சித்தப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒத்திகை தொடங்கியது. பஞ்சு பேசப் பேச முன்வரிசை சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்டா, நிலா எப்போ வரும்?”

“அது வந்து பேசிட்டுப் போயிடுச்சு போல.”

நாடக டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. சித்தப்பா சத்தத்தைக் கூட்டினார். பெட்டி ‘கொய்ங்’ என்று அலறியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“பெரிய பெட்டி வச்சா சரியாகுமா?” என்று டீச்சர் கேட்டார்.

“பாக்கலாம் டீச்சர். ஆனா இருக்கிற காசுக்கு அது எட்டாதே.”

டீச்சர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “அப்போ வேற வழி தெரியல. வெண்கலம், நிலா வேஷத்தை நீ போட்டுக்கோம்மா. உனக்கு மைக்கே வேண்டாம்.”

வெண்கலம் மேடையேறி, “கண்ணே, கண்ணை மூடு” என்றாள். தகரக் கூரை அதிர்ந்தது. தூங்கவேண்டிய குழந்தை பதறி எழுந்து உட்கார்ந்தது.

“நிலா தெருவுல உப்பு விக்க வந்திருக்கு” என்று ஒரு பையன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கட்டிக்கொள்ள வெள்ளிக் காகிதத்தில் தானே வெட்டி ஒட்டிய நிலாவைக் கொண்டுவந்து நீட்டினாள். “உனக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கும். ஓரத்துல ஒட்டுப்போட்டுக்கலாம்.”

வெண்கலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “உன் வேஷத்தைப் பிடுங்கிட்டேன். ஏன்டி என்னைத் திட்ட மாட்டேங்கிற?”

“திட்டினா மட்டும் உனக்குக் கேட்டுடுமா?”

காகித நிலாவை வெண்கலம் வாங்கவே இல்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். “சித்தப்பா, மறுபடி பேசுங்க.”

“ஒன், டூ, த்ரீ. கேக்குதா?”

“கேக்குது. இப்போ வேற ஏதாவது சொல்லுங்க.”

சித்தப்பா ஏதோ சொன்னார். அவள் காதுக்கு வந்தது வெறும் கொழகொழப்பு.

“சித்தப்பா, ஒன் டூ த்ரீ எல்லாருக்கும் மனப்பாடம். பாதி கேட்டாலே மீதி தானா வந்துடும். நீங்க தெரிஞ்சதையே சொல்லிச் சொல்லிப் பாக்குறீங்க.”

சித்தப்பா மைக்கைப் பார்த்தார். “இத்தனை வருஷமா அதைத்தான் சொல்றேன்” என்றார், மைக்கிடமே.

“தெரியாததைச் சொல்லணும். எல்லாரும் கண்ணை மூடிக்கட்டும். நீங்க ஏதாவது செய்யச் சொல்லுங்க. யாருக்குக் கேட்டுதுன்னு மேடையிலிருந்தே தெரிஞ்சிடும்.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். சித்தப்பா, “மூக்கைத் தொடுங்க” என்றார். முன்வரிசைகள் தொட்டன. நடுவில் பாதிப் பேர் தொட்டார்கள். கடைசி வரிசையில் ஒரே ஒருவன் மூக்கில் விரல் வைத்திருந்தான். விசாரித்ததில், அவனுக்கு மூக்கு அரித்ததாம்.

“கேக்காம இல்ல சித்தப்பா” என்றாள் வெண்கலம். “சத்தம் வருது. ஆனா சுவத்துல முட்டித் திரும்பி வந்து, அடுத்த வார்த்தை மேல ஏறி உக்காந்துக்குது.”

“அப்போ சத்தத்தைக் கூட்டினா சுவரும் சேர்ந்து கத்தும்” என்று சித்தப்பா மெதுவாகத் தலையாட்டினார். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவுக்கு வந்தார். அங்கிருந்த தூணில், பின்வரிசைகளைப் பார்த்த மாதிரி அதைக் கட்டினார். ஒயரை மட்டும் நீட்டவேண்டியிருந்தது. இரண்டு பெட்டியிலும் சத்தத்தைக் குறைத்தார்.

“இடது காதைத் தொடுங்க.” இந்தமுறை கடைசி வரிசையிலும் பாதிக் கைகள் எழுந்தன.

“பின்சுவத்துல சத்தம் இன்னும் முட்டுது. மெத்தை சாய்ச்சா அமுங்கிடும்” என்றாள் வெண்கலம். விளையாட்டு அறையிலிருந்து குட்டிக்கரணம் போடும் மெத்தைகளை இழுத்து வந்து பின்சுவரில் சாய்த்தார்கள். வெண்கலம் முன்னால் இழுக்க, பஞ்சு பின்னால் தள்ளினாள். மேடையில் மைக்கைப் பஞ்சுவின் உதட்டுக்குக் கிட்டே வைத்தார் சித்தப்பா.

“இப்போ நீ சொல்லும்மா.”

எல்லாரும் மறுபடி கண்ணை மூடினார்கள். பஞ்சு தன் குரலிலேயே, துளியும் கூட்டாமல் சொன்னாள்: “கடைசி வரிசை மட்டும் எந்திரிச்சு நில்லுங்க.”

கண்ணை மூடியபடியே கடைசி வரிசை முழுதும் எழுந்து நின்றது.

டீச்சர் மேடையேறினார். காகித நிலாவை எடுத்துப் பஞ்சுவின் தலையில் கட்டிவிட்டார்.

ஆண்டு விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சித்தப்பா மைக்கைப் பிடித்து, “ஹலோ, ஒன்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பஞ்சுவிடம் கொடுத்தார்.

“எல்லாரும் கண்ணை மூடி மூக்கைத் தொடுங்க” என்றது நிலா.

திரை மறைவிலிருந்து வெண்கலம் எட்டிப் பார்த்தாள். அப்பாக்கள், அம்மாக்கள், மடியில் இருந்த குழந்தைக்கும் சேர்த்துத் தொட்டுவிட்ட ஓர் அத்தை, கடைசி வரிசையில் வாசல் காவலர். எல்லார் விரலும் மூக்கில் இருந்தது. தலைமையாசிரியை இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சு சத்தமே வராமல் சிரித்தாள். அதுவும் கடைசி வரிசை வரை கேட்டது.